மாத்திரை எத்தனை மணிக்குப் போட்டீங்க?

டிகாக்சின் என்ற இதய மாத்திரை ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று (அதுதான் ‘லெவல்’) பார்க்க அம்மாவுக்கு மூன்று தடவை ரத்தம் எடுத்தோம். ஒரு தடவை கோயம்புத்தூர் வரை போய் எடுக்காமலே திரும்பினோம். எடுத்த மூன்றில் முதலாவது வீண். அதில் பாதித் தப்பு என்னுடையது, மீதி அந்த ரத்தப் பரிசோதனை சென்டருடையது. இதே மாத்திரை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது சாப்பிட்டால், அந்த அலைச்சலாவது உங்களுக்கு மிச்சமாகட்டும்.

அம்மாவுக்கு 78 வயது, காங்கேயம் பக்கம் தோட்டத்தில் இருக்கிறார். இதயத் துடிப்பு சீராக இல்லாததால் இரண்டு வருஷமாக தினமும் காலையில் 0.25 மில்லிகிராம் டிகாக்சின். கூடவே நீர் பிரிவதற்கு ஒரு மாத்திரை. எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நடுவில் சளி, இருமல் என்று உள்ளூர் கிளினிக் ஒன்றில் காட்டியபோது ஐந்து நாளைக்கு கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் எழுதினார்கள். வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அந்த வாரம் முடிவதற்குள் அம்மாவுக்குச் சாப்பாடு பிடிக்காமல் போனது. அரிசிம்பருப்புக்கு நெய் விட்டுக் கொடுத்தால் எந்தக் காலத்திலும் வேண்டாம் என்று சொல்லாதவர், தட்டை நகர்த்தி வைத்துவிட்டார். அப்புறம் வாந்தி. “லைட்டச் சுத்தி மஞ்சளாத் தெரியுது கண்ணு” என்றார். ஈரோட்டு மஞ்சள் விளைகிற சீமையில் இதையெல்லாம் யார் பெரிதாக எடுத்துக்கொள்வது? கண்புரையாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். அது டிகாக்சின் உடம்பில் மிஞ்சிப்போனால் வரக்கூடிய அறிகுறி என்று அப்புறம்தான் தெரிந்தது.

வேறொரு டாக்டர் நாடி பார்த்துவிட்டு, “துடிப்பு கம்மியா இருக்குதுங்க, டிகாக்சின் லெவல் பாத்துருங்க” என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். மறுநாள் காலை எட்டு மணிக்கு அம்மா வழக்கம்போல மாத்திரையைப் போட்டுக்கொண்டார். ஒன்பதரைக்கு சென்டருக்குக் கூட்டிப் போனேன். வெறும் வயிற்றோடு வர வேண்டுமா என்று முந்தின நாளே போனில் கேட்டிருந்தேன். “அதெல்லாம் வேண்டாங்க, எப்ப வேணா வாங்க” என்றார்கள். ரத்தம் எடுத்த பையன் பெயர், வயது, பணம் மூன்றையும் சரியாகக் கேட்டான். கடைசி மாத்திரை எப்போது என்ற கட்டம் அந்தச் சீட்டிலேயே இருந்தது. அது காலியாகவே போனது.

சாம்பிளை வெளியூருக்கு அனுப்பி, இரண்டாம் நாள் ராத்திரி வாட்ஸப்பில் ரிப்போர்ட் வந்தது. 4.1. பக்கத்தில் இயல்பு அளவு என்று 0.8 முதல் 2.0 வரை போட்டிருந்தது. கொட்டை எழுத்து, சிவப்பு நிறம். மாமாவைக் கூப்பிட்டு, காரை எடுத்து, பல்லடம், சூலூர் தாண்டி கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர நடு ராத்திரி ஆகிவிட்டது. வழியெல்லாம் மாமா, “டயாலிசிஸ் பண்ணுனா மருந்து பூராப் போயிரும் மாப்ள” என்று தைரியம் சொல்லிக்கொண்டு வந்தார்.

அவசரப் பிரிவில் இருந்த இளம் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: “மாத்திரை எத்தனை மணிக்குப் போட்டீங்க? ரத்தம் எத்தனை மணிக்கு எடுத்தாங்க?”

சொன்னேன். அவர் ரிப்போர்ட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

விஷயம் இதுதான். டிகாக்சின் குடலிலிருந்து முதலில் ரத்தத்துக்கு வருகிறது. அங்கிருந்து தசைக்கும் இதயத்துக்கும் மெல்லப் பரவிச் சேர ஆறிலிருந்து எட்டு மணி நேரம் ஆகும். அதற்குள் ஊசி குத்தினால் ரத்தத்தில் பெரிய எண்தான் வரும், இதயத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. நான் எடுத்தது ஒன்றரை மணி நேரத்தில். கட்டிலில் படுத்திருந்த அம்மாவுக்கு இது எங்களை விடச் சீக்கிரம் புரிந்தது. “தண்ணி உட்ட உடனே மடையில நின்னு பாத்தா வாய்க்கா நெறையத்தான் தெரியும். காடு குடிச்சதுக்கு அப்பறமில்ல பாக்கோணும்” என்றார். பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு) வாய்க்கால் தண்ணீருக்கு முறை வைத்துக் காத்துக் கிடந்தவருக்கு இதெல்லாம் பாடமா?

மாமாவின் டயாலிசிஸும் அங்கேயே அடிபட்டது. உடம்பில் இருக்கிற டிகாக்சினில் பெரும்பங்கு தசையில்தான் உட்கார்ந்திருக்குமாம், ரத்தத்தில் ஓடுவது கொஞ்சம். ரத்தத்தை மட்டும் சலித்து என்ன ஆகப்போகிறது?

எண் வீண் என்றாலும் வாந்தியும் ஐம்பதுக்குக் கீழே போன துடிப்பும் பொய்யில்லை. மாத்திரையை நிறுத்தி, அட்மிட் போட்டு, இசிஜி எடுத்து, மானிட்டர் மாட்டினார்கள். பொட்டாசியம் 3.1 என்று குறைந்திருந்தது. நீர் மாத்திரையும் வாந்தியுமாகச் சேர்ந்து இறக்கியிருக்கின்றன. பொட்டாசியம் குறைந்தால் டிகாக்சினின் கடி இன்னும் கூடுமாம். அதற்கு டிரிப்ஸ் ஏறியது. காலையில், கடைசி மாத்திரைக்கு 24 மணி நேரம் கழித்து எடுத்ததில் லெவல் 2.3. அதுவும் அதிகம்தான், ஆனால் 4.1 இல்லை.

நான் கோபப்பட வேண்டிய இடம் இனிமேல்தான். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அம்மாவுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ரத்தத்தில் கிரியாட்டினின் பார்த்து வருகிறோம். எல்லாத் தடவையும் 1.1, எல்லாத் தடவையும் “நார்மல்”. அந்த வார்த்தையைப் பார்த்துத்தான் நானும் கோப்பை மூடி மூடி வைத்தேன். வார்டில் மருந்துச் சீட்டுகளைச் சரிபார்க்க வந்த ஃபார்மசிஸ்ட் பெண் ஒருத்திதான், “அம்மா எடை எவ்வளவுங்க அண்ணா?” என்று கேட்டாள். அந்த வாரம்தான் களத்தில் கொப்பரை மூட்டை போடுகிற தராசில் அம்மாவை நிறுத்திப் பார்த்திருந்தேன், 42 கிலோ. அவள் சீட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டாள். 140-இல் வயதைக் கழித்தால் 62. அதை 42-ஆல் பெருக்கி, 72-ஐயும் 1.1-ஐயும் பெருக்கி வந்ததால் வகுத்து, பெண் என்பதால் 0.85-ஆல் பெருக்கினால் 28. அதாவது அம்மாவின் சிறுநீரகம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 28 மில்லி ரத்தத்தைத்தான் சுத்தம் செய்கிறது. வாலிப வயதில் அது நூறுக்கும் மேலே இருக்கும்.

கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. ஒல்லியான கிழவிக்குத் தசை கம்மி, அதனால் உற்பத்தியும் கம்மி. சிறுநீரகம் தளர்ந்து போனாலும் ரத்தத்தில் எண் ஏறாமல் நல்ல பிள்ளையாக நிற்கும். டிகாக்சின் பெரும்பாலும் மாறாமல் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியே போகிறது. எனவே உள்ளே போவது பழைய அளவு, வெளியேறுவது குறைந்துகொண்டே வந்திருக்கிறது. அது போதாதென்று கிளாரித்ரோமைசின். குடலிலும் சிறுநீரகத்திலும் டிகாக்சினைப் பிடித்து வெளியே தள்ளுகிற பம்பு மாதிரி ஒரு புரதம் உண்டு. அதையும் அந்த மருந்து முடக்கிவிடும்.

நாலாம் நாள் டிஸ்சார்ஜ். இனி 0.25 மாத்திரையில் பாதி, ஒரு நாள் விட்டு ஒரு நாள், இன்னும் மூன்று நாள் கழித்து ஆரம்பிக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. “ஒரு வாரத்தில் டிகாக்சின் லெவலுடன் வரவும்” என்றும் எழுதியிருந்தது. அதை நம்பி, மாத்திரை ஆரம்பித்து நாலாம் நாளே அம்மாவைக் காரில் உட்கார வைத்துக் கிளம்பினேன். டாக்டர் தேதியைப் பார்த்துவிட்டு, “இப்ப எடுத்துப் பிரயோசனம் இல்லீங்க” என்றார். நல்ல சிறுநீரகம் இருப்பவர்களுக்கே இந்த மருந்து பாதியாகக் குறைய ஒன்றரை, இரண்டு நாள் ஆகும். அம்மா மாதிரி ஆட்களுக்கு மூன்று நாளுக்கு மேலும் ஆகலாம். அப்படி நாலைந்து பாதிகள் தாண்டினால்தான் புது அளவில் லெவல் ஒரு நிலைக்கு வந்து நிற்கும். கணக்குப் பார்த்தால் இரண்டு வாரத்துக்கும் மேல். நாலாம் நாளில் பார்த்தால் பழையதின் மிச்சமும் புதியதின் ஆரம்பமும் கலந்துதான் வரும். அப்படியானால் ஒரு வாரம் என்று எழுதியது யார்? டைப் அடிக்கும் இடத்தில் எல்லாருக்கும் ஒரே வரியைத்தான் போடுவார்களாம். எழுபது கிலோமீட்டர் போக, எழுபது கிலோமீட்டர் வர.

மூன்றாவது ரத்தத்துக்குப் பழைய சென்டருக்கே போனேன், வேண்டுமென்றேதான். மூன்று வாரம் ஆகியிருந்தது. அன்றைய மாத்திரையைக் கொடுக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். கவுண்டரில் இருந்த பெண், கம்ப்யூட்டரில் நேரம் போட இடமில்லை என்றாள். “சீட்டுல கட்டம் இருக்குதுங்களே, அதுல எழுதுங்க” என்று நகராமல் நின்றேன். பின்னால் நாலு பேர் முணுமுணுத்தார்கள். கடைசியில், மாத்திரை நேற்று முன்தினம் காலை எட்டு, ரத்தம் இன்று எட்டேகால் என்று பேனாவால் எழுதி, அதைப் போட்டோவும் எடுத்துக்கொண்டேன். அப்புறம்தான் அம்மாவுக்குத் தண்ணீரும் மாத்திரையும்.

0.7 வந்தது. 0.5 முதல் 0.9 வரைதான் டாக்டர் கேட்டிருந்தார். ரிப்போர்ட்டில் அச்சடித்த இயல்பு அளவு மட்டும் அதே பழைய 0.8 முதல் 2.0. அதனால் இந்தத் தடவை “குறைவு” என்று கொட்டை எழுத்தில் வந்திருந்தது. ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயந்து நீங்களாகவே மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம், டாக்டரிடம் காட்டுங்கள்.

இப்போது எந்த டாக்டரிடம் போனாலும், உட்காருவதற்கு முன்னாலேயே டிகாக்சின் அட்டையை மேசையில் வைத்துவிடுகிறேன்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்பதற்கு ஒற்றைப்படைத் தேதி என்று அம்மாவுக்குச் சொல்லியிருந்தேன். 31-ஆம் தேதி போட்டுவிட்டு, அடுத்த நாள் ஒன்றாம் தேதியும் கையில் டம்ளரோடு நின்றார். இப்போது தினசரிக் காலண்டரில் மாத்திரை உண்டான தாள்களுக்கு மட்டும் மஞ்சள் தடவி வைத்திருக்கிறார்.