ஏபெலியன் கேட்டகரிகளை ஒட்டிப் பார்த்தது: ஆறு ஃபங்க்டரும் பொருந்துகிறது, சமானம் மட்டும் இல்லை

இரண்டு ஏபெலியன் கேட்டகரிகளை (கெர்னல், கோகெர்னல் எடுக்க முடிகிறவை) திறந்த பக்கம், மூடிய பக்கம் என்று வைத்து ஒரே கேட்டகரியாக ஒட்டலாம். மேக்ஃபெர்சன், விலோனன் இருவரும் 1986-ல் கொடுத்த ஒட்டுமுறைக்கு மூன்று சாமான் போதும்: திறந்த பக்கத்திலிருந்து மூடிய பக்கத்துக்கு ஒரு ரைட் எக்சாக்ட் ஃபங்க்டர் (கோகெர்னலைக் காப்பது), ஒரு லெஃப்ட் எக்சாக்ட் ஃபங்க்டர் (கெர்னலைக் காப்பது), முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு ஒரு நேச்சுரல் டிரான்ஸ்ஃபர்மேஷன். எடுத்துக்கொண்டது ஆகச் சின்ன உதாரணம். இரு பக்கமும் முடிவுள்ள பரிமாண வெக்டர் வெளிகள், இரண்டு ஃபங்க்டரும் ஐடென்டிட்டி, டிரான்ஸ்ஃபர்மேஷன் 0.

அப்போது ஒரு ஆப்ஜெக்ட் என்பது தி (திறந்த பக்கம்), மூ (மூடிய பக்கம்) என்ற இரு வெளிகள். தி-யிலிருந்து மூ-வுக்கு ‘போ’, திரும்ப ‘வா’ என்று இரு மேப்கள். நிபந்தனை ஒன்றே: போய்வா (முதலில் போ, பிறகு வா) = 0. வந்துபோ (முதலில் வா, பிறகு போ) எதுவாகவும் இருக்கலாம். இந்தப் பாதைகளை வைத்துக் கட்டும் அல்ஜீப்ராவுக்குப் பரிமாணம் 5. (புரொஜெக்டிவ் கோட்டை ஒரு புள்ளி, மிச்சம் என்று பிரித்தால் வரும் பர்வெர்ஸ் ஷீஃப்கள் எனும் டோபாலஜி ஆப்ஜெக்ட்களும் இதேதான்.)

அடுத்து, வந்துபோ = 0 என்றும் சேர்த்தது. பரிமாணம் 4. தி-யை அறுத்தெடுக்கும் ஃபங்க்டரின் இரு அட்ஜாயின்ட்களும் (தி, தி) என்ற ஜோடியையே தருகின்றன: ஒன்றில் போ ஐடென்டிட்டி, வா 0, மற்றதில் நேர்மாறு. இரண்டிலும் வந்துபோ 0. மூடிய பக்கத்தில் போ-வின் கோகெர்னல், வா-வின் கெர்னல், அங்கேயும் மாற்றமில்லை. ஆக, சின்னது (பரிமாணம் 4) பெரியதற்குள் (பரிமாணம் 5) உட்காரும்போது ஆறு ஃபங்க்டரும் பொருந்துகின்றன: தி-யை அறுத்தெடுப்பது, அதன் இரு அட்ஜாயின்ட்கள், மூ-வை உள்ளே வைப்பது, கோகெர்னல், கெர்னல். முக்கோணக் (டிரையாங்குலேட்டட்) கேட்டகரியாக இருந்தால் இத்தோடு சமானம், அதாவது இரண்டும் ஒன்றே என்பது, வந்துவிடும். இங்கே வராது.

சின்னதில் விடுபடுவது எது? மூ-வுக்கு பேசிஸ் க, ங, தி-க்கு ச. வா: க→ச, ங→0. போ: ச→ங. போய்வா 0 ஆகிறது. வந்துபோ க-வை ங-வுக்கு அனுப்புகிறது. பெரியதில் இதுதான் மூ-பக்க சிம்பிளின் (தி 0, மூ 1 பரிமாணம்) புரொஜெக்டிவ் கவர், அதாவது அதன்மேல் முழுதாக விழும் ஆகச் சின்ன புரொஜெக்டிவ். சின்னதில் ங வெட்டுப்பட்டு க, ச மட்டுமே மிஞ்சும்.

ஒரு ஒட்டு மேக்ஃபெர்சன், விலோனன் முறையில் வருவதா என்று சோதிக்க ஃபிரான்ஷூ, பிராஷ்விலி 2004-ல் சொன்ன நிபந்தனை இதைப் பிடித்துவிடுகிறது. போதுமான புரொஜெக்டிவ்கள் இருந்தால் பார்க்க வேண்டியவை இரண்டு: மூடிய பக்கத்துக்கு எக்சாக்டான ஒரு ரிட்ராக்ஷன், மூ-பக்கப் புரொஜெக்டிவ்கள்மேல் கோகெர்னல் ஃபங்க்டரின் இரண்டாம் டெரைவ்ட் ஃபங்க்டர் 0 ஆவது. ரிட்ராக்ஷன் (மூ-வை மட்டும் எடுப்பது) இரண்டு கேட்டகரியிலும் உண்டு. டெரைவ்ட் ஃபங்க்டரைக் கணக்கிட, மூ-பக்க சிம்பிளைப் புரொஜெக்டிவ்களின் தொடராக (ரெசல்யூஷன்) எழுதி ஒவ்வொன்றுக்கும் கோகெர்னல் எடுக்க வேண்டும். பெரியதில் ரெசல்யூஷன் ஒரே படியில் முடிகிறது. சின்னதில் மூ, தி, மூ, தி என்று முடியாமல் ஓடுகிறது. தி-யின் புரொஜெக்டிவ் கோகெர்னலில் 0, மூ-வினுடையது 1 பரிமாணம். இரண்டாம் இடத்தில் 1 தங்கிவிடுகிறது. முதல் டெரைவ்டோடு நிறுத்தினால் இரண்டிலுமே 0 வரும், வித்தியாசம் கண்ணில் படாது.

இதைக் கேப் (GAP) எனும் அல்ஜீப்ரா மென்பொருளின் க்யூபிஏ (QPA) தொகுப்பில் போடுபவர்கள் கவனிக்க: அது பாதைகளை இடமிருந்து வலமாகப் பெருக்கும். ரிலேஷனைத் தலைகீழாகக் கொடுத்தாலும் பரிமாணம் 5 என்றே காட்டும். தி முனையில் உள்ள ஐடெம்போடென்டை (அங்கேயே நிற்கும் பாதை) இருபுறமும் பெருக்கி, வருவதன் பரிமாணத்தைப் பாருங்கள். 1-க்குப் பதில் 2 வந்தால் ரிலேஷன் மாறிப்போயிருக்கிறது.