ஃபவுண்டேஷன் டிகிரி: படிப்பும் கடைக் கணக்கும் – ஒரு நாட்குறிப்பு

22 செப்டம்பர் 2025, திங்கள்

இங்கிலாந்தில் வகுப்புகள் தொடங்கும் காலம். வணிக மேலாண்மையில் ஃபவுண்டேஷன் டிகிரி சேர்ந்தவர்கள் முதல் வாரமே மாட்யூல் (பாடப்பிரிவு) கையேட்டை வரி விடாமல் படித்துவிடுவது நல்லது. மொத்தம் 240 கிரெடிட்: லெவல் 4-இல் (பட்டப்படிப்பின் முதல் ஆண்டுத் தரம்) 120, லெவல் 5-இல் (இரண்டாம் ஆண்டுத் தரம்) 120. முழுநேரமாகப் படித்தால் 2 ஆண்டு. வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்குப் பெரும்பாலும் 3 ஆண்டு ஆகும்.

ஒரு கிரெடிட்டுக்கு 10 மணி நேர உழைப்பு என்பது கணக்கு. 20 கிரெடிட் மாட்யூல் என்றால் 200 மணி. அதில் வகுப்பில் உட்காரும் நேரம் சிறு பங்குதான், மற்றதெல்லாம் வாசிப்பும் எழுத்தும் வேலையிடத்தில் செய்யும் பணியும். வாரம் ஒரு மாலை வந்துபோனால் போதும் என்று சேருகிறவர்கள் நவம்பரில் திணறுவது இதனால்தான்.

ஊரிலிருந்து விசாரிப்பவர்கள் பலர் இதை ஃபவுண்டேஷன் இயரோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். அது பட்டப்படிப்பின் முதல் ஆண்டுக்கும் முந்தைய ஆயத்த ஆண்டு. இதுவோ தனியாகவே ஒரு பட்டம். ஆனர்ஸ் பட்டத்தின், அதாவது முழு இளநிலைப் பட்டத்தின், முதல் 2 ஆண்டுகளுக்கு நிகரானது.

9 அக்டோபர் 2025, வியாழன்

பாடம் நடத்துவது உள்ளூர்க் கல்லூரி, பட்டம் தருவது பெரும்பாலும் ஒரு பல்கலைக்கழகம். தாமதமாகச் சமர்ப்பித்தால் எவ்வளவு வெட்டு, மறுதேர்வில் அதிகபட்சம் எத்தனை மதிப்பெண், உடல்நலக் காரணத்துக்கு எந்தப் படிவம் என்பதெல்லாம் பட்டம் தரும் இடத்தின் விதிப்படி நடக்கும். கல்லூரியின் இணையதளத்தை மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும்.

இந்த மாதத்துக்குள் முடிக்க வேண்டிய இன்னொரு வேலை, முதலாளியிடமோ மேலாளரிடமோ எழுத்தில் அனுமதி வாங்குவது. இந்தப் படிப்பின் உயிரே வேலையிடத்தில்தான் இருக்கிறது. எந்த எண்களைப் பயன்படுத்தலாம், யாரிடம் பேசலாம், நிறுவனத்தின் பெயரை மறைக்க வேண்டுமா என்ற மூன்றுக்கும் ஒரு மின்னஞ்சலில் பதில் இருந்தால் போதும். “தாராளமாக எடுத்துக்கொள்” என்ற வாய்வார்த்தையை நம்பித் தொடங்கினால், மேலாளர் மாறும்போது பாதி எழுதிய அசைன்மென்ட் அந்தரத்தில் நின்றுவிடும்.

4 நவம்பர் 2025, செவ்வாய்

முதல் அசைன்மென்ட்டில் மதிப்பெண் போவது பெரும்பாலும் ஒரே இடத்தில். கேள்வி “மதிப்பிடுக” என்று கேட்கும், பதில் விவரித்துவிட்டு நின்றுவிடும். தேர்ச்சிக்குப் பொதுவாக 100-க்கு 40 வேண்டும். விவரித்தாலே அதைத் தொட்டுவிடலாம், 60-ஐத் தொட முடியாது.

பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் என்று நான்கு கட்டம் போடும் ஸ்வாட் அட்டவணையை எடுத்துக்கொள்வோம். “பலவீனம்: ஊழியர்கள் அடிக்கடி விலகுகிறார்கள்” என்று ஒரு கட்டத்தில் எழுதினால் அது வெறும் தகவல். “விலகுபவர்களில் பெரும்பாலோர் முதல் 3 மாதத்துக்குள் போகிறார்கள். ஆகவே கோளாறு சம்பளத்தைவிட ஆரம்பப் பயிற்சியில் இருக்க வாய்ப்பு அதிகம். சம்பளம் காரணமாக இருந்தால் பழைய ஆட்களும் சேர்ந்தே போயிருப்பார்கள்” என்று எழுதினால் ஆதாரம், அதிலிருந்து ஒரு முடிவு, மாற்று விளக்கத்தை ஏன் தள்ளுகிறோம் என்ற காரணம் மூன்றும் வந்துவிடுகின்றன. இப்படி ஐந்தாறு பத்தி இருந்தால் அட்டவணையே தேவையில்லை, பின்னிணைப்பில் போட்டுவிடலாம்.

20 நவம்பர் 2025, வியாழன்

பிரேக் ஈவன் கணக்கு, அதாவது லாபமும் இல்லாமல் நட்டமும் இல்லாமல் நிற்க எத்தனை விற்க வேண்டும் என்ற கணக்கு. சூத்திரம் எல்லோருக்கும் வரும். நிலையான செலவை ஓர் அலகின் பங்களிப்பால் (விலையில் மாறும் செலவு போக மிஞ்சுவது) வகுக்க வேண்டும், அவ்வளவே. தடுக்கி விழுவது எண்களைத் திரட்டும்போது.

சூடான மதிய உணவுப் பெட்டி விற்கும் ஒரு கடையை வைத்துக்கொள்வோம். பெட்டி விலை 6.50 பவுண்டு. சாமான் செலவு 2.30, பெட்டியும் நாப்கினும் 0.20. மாறும் செலவு 2.50, பங்களிப்பு 4.00. மாதத்துக்கு வாடகை 1,400, சமையல்காரர் சம்பளம் 2,300, மின்சாரம், காப்பீடு வகையில் 300. நிலையான செலவு 4,000. எனவே மாதம் 1,000 பெட்டி விற்றால் கையைக் கடிக்காது. 1,250 விற்பது திட்டம் என்றால் 250 பெட்டி, அதாவது 20 சதவீதம் பாதுகாப்பு இடைவெளி. மாணவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் வரைபடம் போட்டு, “தொழில் லாபகரமானது” என்று முடித்துவிடுவார்கள்.

இப்போது ஆண்டு விற்பனையைப் பெருக்கிப் பாருங்கள். 1,250 × 6.50 × 12 = 97,500 பவுண்டு. 2024 ஏப்ரல் முதல் வாட் (விற்பனை மீது வசூலித்து அரசுக்குக் கட்டும் மதிப்புக்கூட்டு வரி) பதிவுக்கான வரம்பு 90,000. இந்தக் கடை பதிவு செய்தே ஆக வேண்டும். சூடாக எடுத்துச்செல்லும் உணவுக்கு வாட் 20 சதவீதம். வாடிக்கையாளரிடம் விலையை ஏற்ற முடியாவிட்டால், அந்த 6.50-க்குள்ளேயே வரி அடங்கும். கடைக்கு நிற்பது 5.42. பங்களிப்பு 2.92 ஆகச் சுருங்கும், பிரேக் ஈவன் ஏறக்குறைய 1,370 பெட்டியாக ஏறும். லாபம் காட்டிய அதே 1,250 இப்போது நட்டம். பெட்டிக்கும் மின்சாரத்துக்கும் கட்டிய வாட்டைத் திரும்பப் பெறலாம், அதனால் எண் கொஞ்சம் இறங்கும். சாமான்களில் பெரும்பாலானவை பூஜ்ய வரியில் வருவதால் அங்கே திரும்பப் பெற ஒன்றும் இருக்காது. எப்படிப் பார்த்தாலும் 1,250 போதாது.

தேர்வாளர் தேடுவது இந்த யோசனையைத்தான். வரைபடம் எத்தனை வண்ணத்தில் இருக்கிறது என்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

வேறு இரண்டு இடங்களையும் கவனிக்க வேண்டும். டெலிவரி ஆப்பின் கமிஷன் விற்பனைக்கு ஏற்பக் கூடும், ஆகவே அது மாறும் செலவு. நிலையான செலவில் போட்டால் விடை முழுக்கத் தவறாகிவிடும். அடுத்து, ஒரு சமையல்காரரால் மாதம் எத்தனை பெட்டி முடியும் என்று கேட்டே ஆக வேண்டும். அந்த எல்லையைத் தாண்டினால் இன்னொரு ஆள் வேண்டும், நிலையான செலவு ஒரே தாவாகத் தாவும். நேர்கோடு அங்கே உடைந்துவிடும்.

2 டிசம்பர் 2025, செவ்வாய்

அதே கடையின் பணவரத்து முன்கணிப்பு. லாபம் வேறு, வங்கியில் இருக்கும் காசு வேறு என்பதை வாயால் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் ஸ்ப்ரெட்ஷீட்டில் மாதாமாதம் 1,400 வாடகை என்று ஒரே சீராக இழுத்துவிடுவார்கள். இங்கிலாந்தில் கடை வாடகை பல ஒப்பந்தங்களில் காலாண்டுக்கு முன்பணமாகக் கட்ட வேண்டியது: மார்ச் 25, ஜூன் 24, செப்டம்பர் 29, டிசம்பர் 25. ஆகவே கிறிஸ்துமஸ் அன்று 4,200 ஒரே மூச்சில் போகும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை விற்ற 3,750 பெட்டிக்கான வாட் ஏறக்குறைய 4,062 பவுண்டு, பிப்ரவரி 7-க்குள் கட்ட வேண்டும். அதுவரை அந்தப் பணம் கணக்கில் இருப்பதால் நம் பணம் போலவே தெரியும். நடுவில் வியாபாரம் மந்தமான ஜனவரி. சிறு கடைகள் படுப்பது இந்த இடைவெளியில்தான்.

தேய்மானத்தைப் பணவரத்தில் சேர்க்கக் கூடாது, அதில் காசு வெளியே போவதில்லை. அடுப்பு வாங்கிய மாதத்தில் முழுத்தொகையும் வர வேண்டும்.

14 ஜனவரி 2026, புதன்

வேலையிடக் குறிப்பேடு. வேலையில் நடந்ததைத் திரும்பிப் பார்த்து எழுதும் முறையான கிப்ஸ் சுழற்சியில் ஆறு படிகள்: நடந்தது, உணர்ந்தது, நல்லது கெட்டது, பகுப்பாய்வு, முடிவு, அடுத்த திட்டம். முதல் படிக்கே பாதிச் சொற்களைச் செலவிடுவது வழக்கமாகிவிட்டது, அதை ஆறில் ஒரு பங்குக்குள் அடக்க வேண்டும். சம்பவம் நடந்த அன்றே நான்கு வரி எழுதி வைத்தால் போதும். கெடு தேதிக்கு முந்தைய வாரம் நினைவிலிருந்து எழுதும் குறிப்பேடுகளில் எல்லாச் சம்பவமும் ஒரே மாதிரி இருக்கும், படிப்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.

12 பிப்ரவரி 2026, வியாழன்

இரண்டாம் ஆண்டில் இருப்பவர்கள் இப்போதே டாப்-அப் பற்றி விசாரிக்க வேண்டும். லெவல் 6-இல் மேலும் 120 கிரெடிட், முழுநேரமானால் ஓராண்டு, முடித்தால் ஆனர்ஸ் பட்டம். பட்டம் தரும் பல்கலைக்கழகத்திலேயே தொடர்ந்தால் வழி சுலபம். வேறிடம் போவதானால் யூகாஸ் (பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான பொது விண்ணப்ப அமைப்பு) விண்ணப்பத்தில் நுழையும் ஆண்டு என்ற கட்டத்தில் 3 என்று குறிக்க வேண்டும். அதோடு அந்தத் துறைக்கு எழுதி மூன்று விஷயம் கேளுங்கள்: லெவல் 5-இல் என்ன சராசரி எதிர்பார்க்கிறார்கள், ஆராய்ச்சி முறைகள் மாட்யூல் படித்திருக்க வேண்டுமா, பட்டத்தின் இறுதி வகுப்பை (முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்பது போல) கணக்கிடும்போது லெவல் 6 மட்டும் போதுமா, லெவல் 5-உம் சேருமா. கடைசிக் கேள்விக்கான பதில் இடத்துக்கு இடம் மாறும். லெவல் 5 சேரும் என்றால், இந்தப் பருவத்தில் மிச்சமிருக்கும் அசைன்மென்ட்டுகளை வெறும் தேர்ச்சியோடு விட்டுவிட முடியாது.