சிவப்பு விளக்கு தெரிந்தது

திருகோணமலையில் ஒரு சட்டத்தரணியிடம் உதவியாளராக இருந்தபோது நான் எழுதிய வாக்குமூலங்களில், மூதூர் மீனவர் ஒருவருடையதை மட்டும் மறக்க முடியவில்லை. விடியற்காலையில் தொழில் முடித்துத் திரும்பிய அவருடைய படகைக் கொட்டியாரக்குடாவில் ஒரு சரக்குக் கப்பல் இடித்துவிட்டது. வலையும் இயந்திரமும் கடலோடு போயின.

"பெரியதுதானே சின்னதைப் பார்த்துப் போக வேண்டும், தம்பி?" என்றார். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

சட்டத்தரணி ஐயா முதலில் கேட்டது, "வலை தண்ணீரில் கிடந்ததா, படகில் இருந்ததா?" என்பதுதான். 1972ஆம் ஆண்டின் சர்வதேச மோதல் தடுப்பு விதிகளின்படி, வலை விரித்திருக்கும் படகுக்கு இயந்திரக் கப்பல் விலகிக் கொடுக்க வேண்டும். வலையைச் சுருட்டிக்கொண்டு வீடு திரும்பும் படகுக்கு அந்தச் சலுகை கிடையாது.

மேசையில் என் தேநீர்க் குவளை கப்பலானது. மீனவருடைய வெற்றிலைப் பெட்டி படகானது. பெட்டியை அவரே நகர்த்திக் காட்டினார். குவளை அதன் வலப்பக்கம் நின்றது. "கப்பலின் சிவப்பு விளக்கு நன்றாகத் தெரிந்தது" என்றார், தான் தூங்கவில்லை என்று காட்டும் பெருமையோடு. என் பேனா நின்றுவிட்டது. குறுக்கே வரும் கப்பலை வலப்பக்கம் காண்பவர்தான் விலக வேண்டும். சிவப்பு தெரிகிறது என்றால் அதுதான் பொருள். ஐயாவைப் பார்த்தேன். "எழுது" என்றார்.

கப்பல்காரர்களும் சுத்தமில்லை. வெளியே பார்க்க ஒருவரையும் நிறுத்தியிருக்கவில்லை. ஆனால் திரும்ப இடமில்லை என்றார்கள். தேம்ஸ் போன்ற நெரிசலான ஆற்றில் அது எடுபடும்: ஒடுங்கிய வழியை விட்டு விலக முடியாத கப்பலை 20 மீற்றருக்குக் குறைந்த கலங்கள் மறிக்கக் கூடாது. அந்த ஆற்றில்தான் 1878இல் 'பிரின்சஸ் அலிஸ்' பயணிக் கப்பலும் ஒரு நிலக்கரிக் கப்பலும் மோதி 600க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஆழத்துக்கே பெயர்போன கொட்டியாரக்குடாவில் இடமில்லை என்றால் யார் நம்புவார்கள்?

முன்பு இங்கிலாந்தில் இருவர்மீதும் பிழையென்றால் நட்டம் பாதிப் பாதி. கணக்குப் பார்க்கச் சோம்பல்பட்டவர்களின் தீர்ப்பு என்றே எனக்குத் தோன்றும். 1910ஆம் ஆண்டு பிரசெல்ஸ் உடன்படிக்கைதான் பிழையின் அளவுக்கேற்ப பொறுப்பைப் பங்கிட்டது. எங்கள் பேரமும் அதன்படியே நடந்தது. நீதிமன்றம் போகாமலே, இழந்ததில் மூன்றில் ஒரு பங்கு கிடைத்தது. வலைக்குக் காணும், இயந்திரத்துக்குக் காணாது.

பணம் வாங்க வந்த அன்று, "சிவப்பு விளக்கைச் சொல்லாமல் விட்டிருந்தால்?" என்று என்னிடம்தான் கேட்டார். நான் கோப்பைக் கட்டிக்கொண்டிருந்தேன். ஐயா தேநீர் சொல்லி அனுப்பினார்.