நாரை பார்த்துப் பறந்தவரின் ஊரில் ஒரு நாள்

பெர்லினிலிருந்து மேற்கே ராத்தனோ வரை ரயில். அங்கே இறங்கி ரீனோ போகும் பேருந்து. ரீனோவிலிருந்து ஷ்டெல்ன் கிராமத்துக்கு நடந்தே போகலாம் என்று முடிவு செய்தோம். ஜூலை கடைசி. சாலையின் இரண்டு பக்கமும் அறுவடை நடந்துகொண்டிருந்தது. டிராக்டருக்குப் பின்னால் ஐந்தாறு செங்கால் நாரைகள், கூலிக்கு வந்த ஆட்களைப் போல வரிசையாக நடந்து பூச்சி பொறுக்கிக்கொண்டிருந்தன. அதில் ஒன்று நாலடி ஓடி மேலே எழுந்தது. கொஞ்ச தூரம் சிறகடித்தது. பிறகு அடிப்பதை நிறுத்திவிட்டு, வட்டம் போட்டபடி உயர்ந்துகொண்டே போனது.

"அப்பா, அது றெக்கையை அடிக்கவே இல்லையே, எப்படி மேலே போகுது?" என்றாள் மகள்.

எனக்குச் சிலிர்த்துவிட்டது. நாங்கள் தேடிப் போன மனிதர் சின்ன வயதில் கேட்ட கேள்வி இதுவேதான். இறக்கை கட்டிக்கொண்டு காற்றில் மிதந்து காட்டிய ஓட்டோ லிலியென்தால் 1848இல் வடக்கே அங்க்லாம் என்ற சிற்றூரில் பிறந்தவர். அவரும் ஒரு வயது இளைய தம்பி குஸ்தாவும் அந்த ஊர்ப் புல்வெளிகளில் நாரைகளைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தார்கள். கனமான பறவை, ஓடி எழுகிறது, காற்றுக்கு எதிராகவே எழுகிறது. ஏன்? பதில் தேடி வாழ்நாள் முழுவதையும் செலவிட்டார்கள். பின்னாளில் பெர்லின் வீட்டுத் தோட்டத்தில் நாரைக் குஞ்சுகளை வளர்த்து, அவை பறக்கக் கற்றுக்கொள்வதை ஓட்டோ உட்கார்ந்து கவனித்திருக்கிறார்.

இந்தப் பயணத்துக்கு விதை போட்டது எங்கள் பக்கத்துப் பூங்கா. பெர்லினின் தெற்கே லிஷ்டர்ஃபெல்டே பகுதியில் ஃப்ளீகபெர்க் என்று ஒரு குன்று இருக்கிறது. பறக்கும் மலை என்று பொருள். பெயர் பெரிது, உயரம் 15 மீட்டர்தான். அதுவும் இயற்கையான குன்று இல்லை. பக்கத்துச் செங்கல் சூளையின் கழிவு மண்ணைக் கொட்டி, 1894இல் லிலியென்தால் தன் செலவில் எழுப்பியது. கூம்பு வடிவம். காற்று எந்தத் திசையிலிருந்து வந்தாலும் அதை எதிர்கொண்டு ஓடிப் பாய வசதியாக அப்படி அமைத்தார். உச்சியில் கிளைடர்களை, அதாவது இயந்திரம் இல்லாமல் காற்றில் மிதக்கும் இறக்கைகளை, வைக்க ஒரு கொட்டகை, அதன் கூரையே ஓடுபாதை. இன்று அந்த இடத்தில் 1932இல் கட்டிய நினைவுச்சின்னம் இருக்கிறது. கீழே மண் தோண்டிய பள்ளம் குளமாகிக் கிடக்கிறது. நாங்கள் வாரம் ஒருமுறையாவது நடக்கப் போகும் இடம். படியேறும்போதெல்லாம் ஒரு விஷயம் மனதில் ஓடும்: பறக்க மலை இல்லையா, சரி, மலையைக் கட்டிவிடுவோம் என்று இறங்கிய மனிதர் எப்படிப்பட்டவராக இருந்திருப்பார்?

அவசரக்காரர் இல்லை என்பதுதான் எனக்குக் கிடைத்த பதில். அண்ணனும் தம்பியும் 1860களிலேயே சோதனைகளைத் தொடங்கிவிட்டார்கள். ஒரு சுழலும் கரத்தின் நுனியில் சிறகுத் துண்டைக் கட்டி, எடை விழும் வேகத்தில் அதைச் சுற்றவிட்டு, காற்று எவ்வளவு தூக்குகிறது என்று அளந்தார்கள். தட்டைப் பலகை நன்றாகத் தூக்கவில்லை. லேசாக வளைந்த பரப்பு, நாரைச் சிறகைப் போல மேல்பக்கம் உப்பியது, அதைவிட மிக நன்றாகத் தூக்கியது. இது 1874 வாக்கிலேயே கையில் வந்துவிட்டது. ஆனால் அந்த அளவீடுகளைப் புத்தகமாக வெளியிட்டது 1889இல். காற்றில் மிதந்ததோ 1891இல், போட்ஸ்டாம் அருகே டெர்விட்ஸ் என்ற ஊரில், சுமார் 25 மீட்டர் தூரம். முதல் சோதனையிலிருந்து அந்த 25 மீட்டர் வரை இருபது வருடத்துக்கும் மேல்!

இடைப்பட்ட காலத்தில் சும்மா இருக்கவில்லை. பெர்லினில் சின்ன நீராவி இயந்திரங்களும் கொதிகலன்களும் செய்யும் தொழிற்சாலை நடத்தினார். லாபத்தில் கால் பங்கைத் தொழிலாளிகளுக்கே பிரித்துக்கொடுத்தார். சாதாரண ஜனங்களும் நாடகம் பார்க்கட்டும் என்று ஒரு நாடக அரங்கில் பங்கு சேர்ந்து, பத்து ஃபெனிக் சில்லறைக்கு டிக்கெட் கொடுக்க வைத்தார். வாரநாளில் தொழிற்சாலை, ஓய்வு நாளில் குன்று. இந்தப் பக்கத்தை யாரும் அதிகம் பேசுவதில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

ஷ்டெல்னில் அவருக்கான அருங்காட்சியகம் ஒரு பழைய சாராய வடிசாலைக் கட்டடத்தில் இருக்கிறது. தலைக்கு மேல் கிளைடர் மாதிரி தொங்குகிறது. கிட்டே போய் அண்ணாந்து பார்த்தேன். கூடை முடைவார்களே, அந்த வில்லோக் குச்சிகள்தான் எலும்புக்கூடு. அதன் மேல் சட்டைத் துணி மாதிரி மெல்லிய பருத்தித் துணி. காற்று ஊடுருவாமல் இருக்க மெழுகுப் பூச்சுபோல ஒரு பூச்சு. குச்சிகள் ஒரு புள்ளியிலிருந்து விசிறி மடிப்பாக விரிகின்றன, குடையைப் போல மடக்கலாம். நுனியிலிருந்து நுனிக்கு ஏழு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. எடை 20 கிலோ அளவு, பள்ளிக்கூடம் போகும் ஒரு சின்னப் பிள்ளையின் எடை. நடுவில் ஒரு துளை. அதற்குள் நின்று, முன்கைகளைச் சட்டத்தில் பதித்து, முழங்கையில் தொங்கிக்கொள்ள வேண்டும். சுக்கான் திருப்பக் கம்பி எதுவும் கிடையாது. காலை முன்னே பின்னே, இடது வலது என்று வீசி உடம்பின் எடையை நகர்த்துவதுதான் ஓட்டுவது.

இந்த மாதிரியை அவர் விற்கவும் செய்தார். பல நாடுகளிலிருந்து வாங்கினார்கள். அதைவிட வேகமாகப் பரவியவை புகைப்படங்கள். மனிதன் இறக்கையோடு அந்தரத்தில் நிற்கும் காட்சியை உலகம் முதல்முறையாகத் தாளில் பார்த்தது அப்போதுதான்.

கிராமத்தைத் தாண்டினால் புல்வெளி. அங்கே நிற்கிறது ஒரு பயணிகள் ஜெட் விமானம்! இல்யூஷின் 62, வால்பக்கம் நான்கு இயந்திரங்கள், நீளம் 53 மீட்டர். கிழக்கு ஜெர்மனியின் இன்டர்ஃப்ளூக் விமான நிறுவனம் லிலியென்தாலின் நினைவாகக் கொடுத்தது. 1989 அக்டோபர் 23 அன்று, பெர்லின் சுவர் விழ இன்னும் பதினேழு நாளே இருந்த நேரத்தில், 900 மீட்டர் அளவே இருந்த இந்தப் புல்தரையில் புழுதி பறக்க இறக்கினார்கள். அவர் மனைவியின் பெயரால் 'லேடி ஆக்னஸ்' என்று பெயர் சூட்டினார்கள். உள்ளே ஒரு பகுதியில் திருமணப் பதிவும் நடக்கிறது. நாலு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு, கணவர் பறக்கப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்த ஆக்னஸின் பெயர் அந்த உலோக உடம்பில் எழுதியிருப்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

அப்புறம் மலை. கோலன்பெர்க், கடல் மட்டத்திலிருந்து 110 மீட்டர் அளவு. சுற்றிலும் தட்டை நிலம் என்பதால் பெரிதாகத் தெரிகிறது. இன்று மரங்கள் அடர்ந்திருக்கின்றன. அவர் காலத்தில் மொட்டைச் சரிவு. இந்த வட்டாரத்துக் குன்றுகளில்தான் 250 மீட்டர் வரை மிதந்தார். மொத்தம் இரண்டாயிரம் முறையாவது பறந்திருப்பார் என்கிறார்கள். ஒவ்வொன்றும் சில நொடிகள், ஆக அவர் ஆகாயத்தில் இருந்த நேரத்தையெல்லாம் கூட்டினாலும் சில மணி நேரம்தான் வரும்.

1896 ஆகஸ்ட் 9, ஞாயிற்றுக்கிழமை. உதவியாளர் பவுல் பைலிஷ் கூட இருந்தார். அன்றைய முதல் பறத்தல் நன்றாகவே முடிந்தது. பிறகு ஒன்றில், வெயிலில் கிளம்பிய காற்று கிளைடரை முன்பக்கம் தூக்கிவிட்டது. சிறகு அளவுக்கு மேல் நிமிர்ந்தால் மேலே ஓடும் காற்று பிரிந்துபோய், தூக்கும் விசை சட்டென்று குறைந்துவிடும். முகப்பைக் கீழே கொண்டுவரக் காலை முன்னே வீசிப் பார்த்தார். முழங்கையில் தொங்குகிற உடம்பை எவ்வளவு தூரம்தான் நகர்த்த முடியும்? 15 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தார். கழுத்தெலும்பு முறிந்தது. வண்டியில் கிராமத்து விடுதிக்குக் கொண்டுவந்தார்கள், மறுநாள் ரயிலில் பெர்லினுக்கு. அன்றே இறந்தார். வயது 48.

அமெரிக்காவில் அந்தச் செய்தியைப் படித்த ரைட் சகோதரர்களுக்கு, பறத்தலில் இருந்த பழைய ஆர்வம் மறுபடி கிளம்பியது. லிலியென்தாலின் அளவீட்டு அட்டவணைகளை வைத்தே முதல் கிளைடர்களைக் கணக்கிட்டார்கள். உடம்பை நகர்த்தி ஓட்டுவது போதாது, சிறகையே முறுக்க வேண்டும் என்று அவர்கள் போன வழிக்கு இந்த விபத்தும் ஒரு காரணம்.

அடுத்த ஞாயிறு லங்க்விட்ஸ் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம், அதுவும் எங்கள் பக்கம்தான். 'தியாகங்கள் செய்தே ஆக வேண்டும்' என்ற வரி அவர் கல்லில் இருக்கிறது. கடைசி வார்த்தை என்று சொல்கிறார்கள். நான் நம்பவில்லை. சொல்லியிருந்தாலும் அவரை அந்த ஒரு வரியில் அடக்கக் கூடாது. தோட்டத்தில் ஒரு பலகை மேலிருந்து குதித்துப் பழகி, பிறகு சின்ன மேடு, பிறகு கட்டிய குன்று, பிறகுதான் கோலன்பெர்க் என்று படிப்படியாக ஏறியவர் அவர். உயிரைத் துச்சமாக நினைத்த ஆளின் நடை இல்லை அது.

மகள் வீட்டுக்கு வந்ததும் அட்டையில் இரண்டு துண்டு வெட்டினாள். ஒன்று தட்டை, இன்னொன்றைப் பென்சிலில் சுற்றி வளைத்தாள். நூல் கட்டி டேபிள் ஃபேன் முன்னால் பிடித்துப் பார்க்கிறாள். வளைந்தது முதலில் கவிழ்ந்துகொண்டே இருந்தது. வளைவைக் குறைத்து வேறு வெட்டினாள். ஒவ்வொன்றுக்கும் நோட்டில் எண் போடுகிறாள். நேற்று ராத்திரி வரை பதினேழு.