இரண்டு மேடு வந்த வரைபடம்

பரிணாமப் பாடம் வந்தால் டார்வினின் குருவிகள் வரும். நான்கு அலகுகளைக் கரும்பலகையில் வரைவேன், இரண்டு கேள்வி எழுதிப் போடுவேன், அடுத்த தலைப்புக்குப் போய்விடுவேன். பத்து வருடம் இப்படித்தான் நடத்தினேன். வேலூர் மாவட்டத்தில், ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கும் அரசு மேல்நிலைப் பள்ளி எங்களுடையது. அந்தக் குருவிகள் வாழும் பசிபிக் கடல் தீவுக்கூட்டமான கலாபகோஸ் எங்கே, எங்கள் ஒடுகத்தூர் எங்கே என்று பிள்ளைகளுக்குத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

ஹைடெக் லேப் வந்த பிறகு, அமெரிக்காவின் ஹோவர்டு ஹியூஸ் மருத்துவ நிறுவனம் ஆசிரியர்களுக்கு இலவசமாகத் தரும் பாடப் பொருள்களைப் பார்த்தேன். அதில் கலாபகோஸில் உள்ள டாஃப்னி மேஜர் என்ற சின்னத் தீவில் வாழ்ந்த 100 குருவிகளின் அளவுகள் ஓர் அட்டவணையாக இருந்தன. பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதி 1973 முதல் அங்கே போய், குருவிகளைப் பிடித்து, காலில் வளையம் மாட்டி, அலகை அளந்து எழுதி வைத்தவர்கள். 1977இல் மழை பொய்த்தது. சின்ன விதைகள் தீர்ந்து, முள்ளுள்ள கெட்டி விதைகள்தான் மிஞ்சின. அதை உடைக்கத் தெம்புள்ள தடித்த அலகுக் குருவிகளே அதிகம் பிழைத்தன.

அது என்ன முள் விதை என்று தேடினேன். நெருஞ்சி! நம் ஊர் நெருஞ்சியின் அதே பேரினம், டிரிபுலஸ். மறுநாள் மைதான ஓரத்தில் ஒரு கை பொறுக்கி வந்து மேசைமேல் கொட்டினேன். "இதையா டீச்சர் குருவி தின்னும்?" என்றான் ஒருவன். தினமும் அதை மிதித்துவிட்டு வருகிற பையன்.

பிழைத்தவற்றுக்கும் செத்தவற்றுக்கும் அலகின் சராசரித் தடிமனில் வித்தியாசம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். இவ்வளவுக்குப் போய் உயிரா என்று பிள்ளைகள் நம்பவில்லை. அரை மில்லிமீட்டரைக் கையால் உணராமல் இந்தப் பாடம் நகராது என்று பட்டது. நுட்பமாக அளக்கும் வெர்னியர் அளவியில் ஒரு பிரிவு 0.1 மில்லிமீட்டர்; அரை மில்லிமீட்டர் என்றால் ஐந்து பிரிவு. இயற்பியல் ஆய்வகத்தில் ஐந்து வெர்னியர் கேட்டு வாங்கினேன். அறுவடை நேரம் என்பதால் வீட்டிலிருந்து மல்லாட்டை கொண்டுவரச் சொன்னேன். எங்கள் பக்கம் நிலக்கடலைக்கு அதுதான் பெயர். குழுவுக்கு 50 காய். நீளத்தை அளந்து, எந்த நீளத்தில் எத்தனை காய் என்று வரைபடத்தாளில் பட்டை வரைய வேண்டும்.

நான்கு குழுவுக்கு நடுவில் ஒரு மேடு, இரண்டு பக்கமும் சரிவு. பத்தாம் வகுப்பில் திட்ட விலக்கத்தைச் சூத்திரமாக மனப்பாடம் செய்த பிள்ளைகள், அந்த மேடு எவ்வளவு பரந்து கிடக்கிறது என்று சொல்கிற எண்தான் அது என்பதை அன்றுதான் கண்டார்கள். ஐந்தாவது குழுவுக்கு மட்டும் இரண்டு மேடு. வெர்னியரைத் தவறாகப் படித்திருப்பார்கள் என்று நினைத்து, "தப்பா இருக்கு, திரும்ப அளங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன்.

மறுநாள் ஒற்றை மேட்டோடு வந்தார்கள். அழகான வரைபடம். ஆனால் தாளில் ரப்பர் தடம் தெரிந்தது. கேட்டேன். குழுவில் இருந்த பெண் தயங்காமல் சொன்னாள்: "நீங்கதானே டீச்சர் தப்புன்னீங்க. அதான் பெரிய காயெல்லாம் எடுத்துட்டு, சின்னதுலேயே 50 எண்ணி அளந்தோம்."

விசாரித்தால், இரண்டு வீட்டுக் காய்களைக் கலந்திருக்கிறார்கள். ஒரு வீட்டில் பெரும்பாலும் இரண்டு பருப்புக் காய், இன்னொரு வீட்டில் மூன்று பருப்பு. இரண்டு ரகம், அதனால் இரண்டு மேடு. அன்றைக்கு வகுப்பிலேயே உயிரியல் அதிகம் இருந்த தாள் அதுதான். அதைத்தான் நான் அழிக்க வைத்திருக்கிறேன். செய்முறைத் தேர்வில் பிள்ளைகள் விடைக்கு ஏற்ப அளவைத் திருத்துகிறார்கள் என்று ஆசிரியர் அறையில் அலுத்துக்கொள்வோம். அந்தப் பழக்கம் எப்படி வருகிறது என்று அன்று கண்ணால் பார்த்தேன். வகுப்பின் முன்னால் நின்று, நான் சொன்னதுதான் தவறு என்று சொன்னேன். முதல் வரைபடத்தைத் திரும்ப வரையச் சொல்லிச் சுவரில் ஒட்டினோம். அளந்த எண்ணை அழிக்கக் கூடாது, சந்தேகம் இருந்தால் பக்கத்தில் காரணம் எழுதி, அந்தக் காயைத் தனியே எடுத்து வைக்க வேண்டும் என்பது அன்றிலிருந்து எங்கள் வகுப்பு வழக்கம்.

அப்புறம் குருவி அட்டவணைக்குத் திரும்பினோம். அதே பெண் கேட்டாள்: "செத்துப்போன குருவியோட அலகை எப்ப டீச்சர் அளந்தாங்க?"

"வறட்சிக்கு முன்னாடிம்மா."

"வறட்சி வரும்னு தெரியாமலேயா?"

ஆமாம், தெரியாமலேயேதான். இந்த இடத்தை நான் ஒருநாளும் வகுப்பில் சொன்னதில்லை. அவள் கேட்டதால்தான், என்ன வரும் என்று தெரியாமலேயே குறித்து வைக்க, பள்ளி வாசல் புங்க மரத்துக்கு ஒரு நோட்டு போட்டோம். சீசன்வாட்ச் என்ற நாடு தழுவிய திட்டத்தில் வாரம் ஒருமுறை ஒரே மரத்தைப் பார்த்து, இலை, பூ, காய் எவ்வளவு என்று குறிப்பார்கள். நாங்களும் அந்த முறையில் எழுதுகிறோம். திங்கட்கிழமை யார் முறையோ அவர்கள் பிரேயருக்கு முன்னால் மரத்தடிக்குப் போக வேண்டும். பல வாரங்களில் "மாற்றம் இல்லை" என்றுதான் பதிவாகியிருக்கிறது. அதையும் தேதி போட்டு எழுதச் சொல்கிறேன்.