ஊட்டி மலைப்பாதைக்கு எந்த மேப்: காரோடு வருவதா, போனில் இருப்பதா?

ஊட்டியிலிருந்து மைசூர் போகிற சாலை தலைக்குந்தாவில் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று பைக்காரா, நடுவட்டம், கூடலூர் வழியாகச் சுற்றிக்கொண்டு போகும். மற்றது கல்லட்டி வழியாக மசினகுடிக்கு நேராக இறங்கும். கல்லட்டியில் போனால் சுமார் 35 கி.மீ. மிச்சம். தூரத்தையும் நேரத்தையும் மட்டும் எடைபோடும் மேப் எதுவாக இருந்தாலும் அந்தப் பக்கம்தான் சாயும். ஆனால் அது 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள, மிகச் செங்குத்தான இறக்கம். பழக்கமில்லாதவர்கள் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கி, பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போய், அங்கே பல உயிர்கள் போயிருக்கின்றன. அதனால்தான் வெளியூர்ப் பதிவெண் வண்டிகளை அந்த வழியில் இறங்க விடாமல் போலீசார் கூடலூர்ப் பக்கம் திருப்பி அனுப்புகிறார்கள்.

புது கார் எடுக்கும்போது நேவிகேஷன் (காரோடு வரும் வழிகாட்டி மேப்) உள்ள, விலை கூடிய வேரியன்டுக்குக் கூடுதலாகப் பணம் போடலாமா, கையில் உள்ள போன் போதாதா என்று கேட்பவர்களுக்கு, கோவை - ஊட்டி - மைசூர் பாதையை விடச் சரியான சோதனைக்களம் கிடையாது. சமவெளி, மேம்பாலம், மலை ஏறும் காட் ரோடு, சிக்னல் இல்லாத காடு எல்லாம் ஒரே நாளில் வந்துவிடும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெட்ரோல், டீசல் வண்டியென்றால் நேவிகேஷனுக்காக மட்டும் மேல் வேரியன்டுக்குப் போகாதீர்கள். எலெக்ட்ரிக் வண்டியென்றால் கட்டாயம் யோசியுங்கள்.

சேலம் பக்கமிருந்து வருகிறவர்களுக்குக் கோவைக்குள் நுழையும் வேலையே இல்லை. அவிநாசியில் பிரிந்து அன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் போய்விடலாம். கோவைக்குள் போக வேண்டியிருந்தால்தான் காரின் மேப் எவ்வளவு பழசு என்பது தெரியும். அவிநாசி சாலையில் உப்பிலிபாளையம் முதல் கோல்டுவின்ஸ் வரை 10.1 கி.மீ. நீள மேம்பாலம் 2025 அக்டோபரில் திறந்தது. அதற்கு முந்தைய மேப் உள்ள காருக்கு அப்படி ஒரு பாலம் இருப்பதே தெரியாது. காரோடு வரும் மேப்பைப் பல வண்டிகளில் எஸ்டி கார்டிலோ யுஎஸ்பியிலோ ஏற்றித்தான் புதுப்பிக்க வேண்டும். காருக்குள்ளேயே சிம் உள்ள மாடல்களில் அது தானாக நடக்கும், ஆனால் இலவசச் சந்தா முடியும் வரைதான். சந்தா போன பிறகும் மேப் ஓடும். நெரிசல் நிலவரமும் பேசித் தேடும் வசதியும் நின்றுவிடும். வாங்கும் நாளிலேயே கேளுங்கள்: சந்தா எத்தனை ஆண்டு, அதன் பிறகு ஆண்டுக்கு எவ்வளவு, மேப் புதுப்பிக்கத் தனிக் கட்டணம் உண்டா?

பாலத்தின் மேலே போகிறோமா கீழே போகிறோமா என்பதில் போன், கார் இரண்டுமே தடுமாறும். ஜிபிஎஸ்ஸில் உயரக் கணக்கு, கிடைமட்டக் கணக்கை விட மோசம். கூகுள் மேப்பில் மேம்பாலம் ஏற வேண்டுமா என்று முன்கூட்டியே சொல்லும் வசதி 2024 ஜூலையில் இந்திய நகரங்களுக்கு வந்தது. அதுவும் பாலத்துக்கு முன்னால்தான் உதவும். தவறி ஏறிவிட்ட பிறகு திரையில் உள்ள அம்பை விடச் சாலைப் பலகையை நம்புவதே சரி.

மேட்டுப்பாளையத்தில் ஒரு டீ குடிக்கும் நேரத்தில் மூன்று வேலைகளை முடித்துவிடுங்கள். முதலாவது இ-பாஸ். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளுக்கு இது வேண்டும். கட்டணம் இல்லை. க்யூஆர் குறியீட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டால் சாவடியில் சிக்னலைத் தேட வேண்டியதில்லை. இரண்டாவது ஆஃப்லைன் மேப். கூகுள் மேப்பில் உங்கள் படத்தைத் தொட்டு, ஆஃப்லைன் வரைபடங்களுக்குப் போய், கட்டத்தைக் கோவையிலிருந்து மைசூர் வரை அடங்குமாறு இழுத்துப் பதிவிறக்குங்கள். கிளம்பும்போது நெட் இருந்தால் போட்ட வழி திரையில் நிற்கும், ஆனால் ஒரு திருப்பத்தைத் தவறவிட்டால் புது வழி கணக்கிட ஆஃப்லைன் மேப் இருந்தே ஆக வேண்டும். அதில் நெரிசல் தெரியாது, மாற்று வழிகள் வராது, சின்ன விடுதிகளின் பெயரைத் தேடினால் கிடைக்காமலும் போகலாம். தங்கும் இடத்தை முன்பே சேமித்து வையுங்கள். மூன்றாவது, மேப் கார் முறையில் இருக்கிறதா என்று பார்ப்பது. டூ வீலர் ஓட்டிய பழக்கத்தில் அதே முறையில் விட்டுவிட்டால், கார் நுழையாத எஸ்டேட் பாதைக்குள் கொண்டுபோய் விடும். காரின் மேப்பில் இதற்கு இணையான ஆபத்து ‘குறைந்த தூரம்’ என்ற அமைப்பு. மலையில் அதை எப்போதும் ‘குறைந்த நேரம்’ என்று மாற்றி வையுங்கள். கூடலூரில் 2024 ஜனவரியில் மேப் காட்டிய வழியில் போன ஒரு கார் குடியிருப்புப் படிக்கட்டில் இறங்கி மாட்டிக்கொண்டது.

மேட்டுப்பாளையத்தைத் தாண்டும்போதே குன்னூர் வழியா கோத்தகிரி வழியா என்ற கேள்வி வரும். குன்னூர் வழியாக ஊட்டி சுமார் 51 கி.மீ., கோத்தகிரி வழி அதை விடப் பத்துப் பதினைந்து கி.மீ. கூடுதல். கோடை சீசனில் குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்கும் ஒருவழி முறையைப் போலீசார் கொண்டுவருவது வழக்கம். இறங்கும்போது மேப் விடாமல் குன்னூருக்கே திரும்பச் சொல்லும். கோத்தகிரியை இடைநிறுத்தமாக (வழியில் நிற்கும் இடமாக) மேப்பில் சேர்த்துவிட்டால் அடங்கிவிடும்.

வளைவுகளில்தான் காரோடு வரும் நேவிகேஷனின் உண்மையான பலம் தெரிகிறது. கொண்டை ஊசியில் மேல் சாலையும் கீழ்ச் சாலையும் சில இடங்களில் 20, 30 மீட்டர் இடைவெளியில்தான் இருக்கும். திறந்த வானத்தின் கீழ் போன் காட்டும் இடம் 5 மீட்டர் அளவுக்குத் தவறலாம். ஒருபுறம் பாறைச் சுவர், தலைக்கு மேல் மரங்கள் என்றால் செயற்கைக்கோள் அலைகள் பாறையில் பட்டுத் தெறித்து வந்து பிழை இன்னும் பெருகும். போன் உங்களை மேல் சாலையில் வைத்துவிட்டு யூ-டர்ன் போடச் சொல்லும். காரில் ஆன்டெனா கூரையில் இருக்கிறது. பல வண்டிகளில் சக்கரம் சுழலும் கணக்கையும் வண்டி திரும்பும் கோணத்தையும் சேர்த்து, சிக்னல் விட்டுப்போகும் நேரத்திலும் இடத்தைக் கணித்துக்கொள்கிறது. ஆனால் இந்தப் பலனில் ஒரு பகுதி உங்களுக்கு இலவசமாகவே கிடைக்கக்கூடும். போன் மேப்பைக் காரின் திரையில் காட்டும் ஆண்ட்ராய்டு ஆட்டோ, கார்ப்ளே வழியாக இணைத்தால், கார் தன் ஜிபிஎஸ் தகவலைக் கொடுக்கும் மாடல்களில் போன் அதை எடுத்துக்கொள்ளும். கீழ் வேரியன்டிலும் இந்த இணைப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். இணைப்பு இல்லாதவர்கள் பதற வேண்டாம். மேப்பைச் சுருக்கி அடுத்த பிரிவு எங்கே என்று பார்த்துக்கொண்டால் போதும். பர்லியாறு முதல் குன்னூர் வரை நீங்கள் விலகிப் போய்விடும்படி பெரிய சாலை ஏதும் பிரிவதில்லை.

போன் பெரும்பாலும் காலை வாருவது மேப்பால் அல்ல, சூட்டாலும் கேபிளாலும்தான். முன்கண்ணாடியில் ஒட்டிய போன் மதிய வெயிலில் திரையை மங்கலாக்கும், பிறகு சார்ஜ் ஏறுவதை நிறுத்தும். ஸ்டாண்டை ஏசி காற்று வரும் இடத்தில் மாட்டுங்கள். வயர்லெஸ் சார்ஜர் போனை மேலும் சூடாக்கும், நீண்ட பயணத்துக்குக் கேபிளே நல்லது. பழைய கார்களின் யுஎஸ்பி முனை பாட்டுக் கேட்பதற்காக வைத்தது, அரை ஆம்பியர்தான் தரும். மேப் ஓடும் போனுக்கு அது போதாமல், சார்ஜில் இருந்தபடியே பேட்டரி இறங்கும். 12 வோல்ட் சாக்கெட்டில் 18 அல்லது 20 வாட் சார்ஜர் போடுங்கள். ஆண்ட்ராய்டு ஆட்டோ அடிக்கடி துண்டித்தால் முதலில் கேபிளைச் சந்தேகப்படுங்கள். ஒரு மீட்டருக்குக் குறைவான, டேட்டா கடத்தும் நல்ல கேபிள் வேண்டும். பேட்டரி சேமிப்பு முறையை அணைத்துவிடுங்கள், அது இருந்தால் இடக்குறி தத்தித் தத்தி நகரும். இத்தனைக்கும் ஆகும் செலவு வேரியன்ட் வித்தியாசத்தின் பக்கத்தில்கூட வராது.

எலெக்ட்ரிக் வண்டியில் கணக்கே வேறு. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறும் உயரம் சுமார் 1,900 மீட்டர். ஆட்களோடு 1,700 கிலோ எடையுள்ள காரை அவ்வளவு உயரம் தூக்க மட்டும் ஏறக்குறைய 9 யூனிட் மின்சாரம் வேண்டும். வழக்கமாக ஓட ஆகும் செலவு அதற்கு மேல். 40 யூனிட் பேட்டரியில் கிட்டத்தட்ட கால் பங்கு உயரத்துக்கே போய்விடுகிறது. போன் மேப் தூரத்தைச் சொல்லும், உங்கள் பேட்டரியில் எவ்வளவு மிச்சம் என்பது பொதுவாக அதற்குத் தெரியாது. பேட்டரியையும் ஏற்றத்தையும் சேர்த்துப் பார்த்து, போய்ச் சேரும்போது எத்தனை சதவீதம் இருக்கும் என்று காட்டும் காரின் நேவிகேஷனுக்குப் பணம் கொடுப்பது நியாயம். டெஸ்ட் டிரைவிலேயே ஊட்டியை இலக்காகப் போட்டு அந்தச் சதவீதம் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் அது வெறும் மேப்தான். ஊட்டியில் 100 சதவீதம் ஏற்றிக்கொண்டு இறங்காதீர்கள். பேட்டரியில் இடமில்லாதபோது மோட்டார் வண்டியைப் பிடித்து நிறுத்தும் விசை குறைந்துவிடும், பாரம் முழுக்கப் பிரேக் மேல் விழும்.

மற்ற வண்டிகளுக்கு இறக்கத்தில் பழைய விதிதான்: எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். தலைக்குந்தாவில் கூடலூரை இடைநிறுத்தமாகப் போட்டு, கல்லட்டி காட்டும் மேப்பைத் திருப்பிவிடுங்கள். அங்கிருந்து கூடலூர் சுமார் 40 கி.மீ. பிறகு தெப்பக்காடு, கக்கநல்லா சோதனைச் சாவடி, பந்திப்பூர். இரவு 9 முதல் காலை 6 வரை காட்டுச் சாலை மூடியிருக்கும். மேப் போடும் நேரக் கணக்கில் இந்தக் கதவு சேர்ந்திருக்கும் என்று எண்ணாதீர்கள். மைசூருக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம் என்பதை விட்டுவிட்டு, கக்கநல்லாவை இலக்காகப் போட்டு அந்த நேரத்தைப் பாருங்கள். அது 8 மணியைத் தாண்டினால் கூடலூரிலேயே அறை எடுத்துத் தங்கிவிடுங்கள். மாலை 5 மணிக்குள் ஊட்டியை விட்டுவிட்டால் அந்த நிலை வராது.