ஒருவர் நடத்தும் குடித்தனம்

தனிக்குடித்தனம் என்றால் நம் பேச்சில் இரண்டு பேர். மகனும் மருமகளும் பெற்றோரை விட்டுத் தனியே போனால் அது தனிக்குடித்தனம். உண்மையிலேயே ஒருவராகக் குடித்தனம் நடத்துபவருக்கு அந்தச் சொல் கிடைப்பதில்லை. அவருக்குத் தனிக்கட்டை, ஒண்டிக்கட்டை என்றுதான் பெயர். கட்டை என்பது கிளையும் இலையும் போன மரம். வீடு பெருக்கி, விளக்கேற்றி, வாய்க்கு ருசியாகச் சமைத்துச் சாப்பிடும் மனிதருக்கு அது பொருந்தவே இல்லை.

பழைய சொல் தமியர். ஆனால் 229ஆவது குறளில் அது யாருக்கும் கொடுக்காமல் தானே உண்பவரைக் குறிக்கிறது. சிங்கப்பூர்ச் செய்தித் தமிழில் ஒற்றையர் என்கிறோம். 35 வயதான ஒற்றையர் 2013 முதல் புதிய ஈரறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டை வாங்கலாம். 2024 அக்டோபர் முதல் எந்த வட்டாரத்திலும் விண்ணப்பிக்கலாம். ஆனால் அம்மா அப்பாவுடன் இருப்பவரும் ஒற்றையர்தான். 'தனித்து வாழும்' என்றாலோ பின்னாலேயே 'முதியோர்' வந்து ஒட்டிக்கொள்கிறது. ஆகவே தனிக்குடித்தனக்காரர் என்றே சொல்லலாம் என்பது என் கருத்து. குடித்தனம் என்ற சொல்லில் அடுப்பும் பால் கணக்கும் துணி உலர்த்துவதும் அடங்கிவிடுகின்றன.

உப்பு, காரம், சாப்பாட்டு நேரம் மூன்றும் ஒருவர் கையில் இருப்பது பெரிய சுகம். இரவு பத்து மணிக்கு ரசம் வைக்கத் தோன்றினால் வைக்கலாம். அந்தச் சுகத்தைக் கெடுப்பது அளவுதான், ஏனென்றால் நம் சமையலில் கை பழகியது நாலு பேர் கணக்குக்கு.

சோற்றை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய ரைஸ் குக்கரில் அரை கப் அரிசி போட்டால் அடியில் மெல்லிய படலமாகப் பரவி, தண்ணீர் சீக்கிரம் வற்றி, விறைத்துப் போகும். அரை கப் அரிசியையும் ஒரு கப் தண்ணீரையும் சிறிய எவர்சில்வர் கிண்ணத்தில் எடுத்து, குக்கருக்குள் ஒரு கப் தண்ணீர் ஊற்றி, அதன் நடுவே வையுங்கள். வெளித்தண்ணீர் வற்றும்வரை பாத்திரத்தின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. வற்றியதும் சூடு ஏறி சுவிட்ச் தானே மேலே வரும். அரிசி வேகவில்லை என்றால் வெளித்தண்ணீரைத்தான் கூட்ட வேண்டும், கிண்ணத்துத் தண்ணீரை அல்ல. மிஞ்சிய சோற்றை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். நம் ஊர் வெக்கையில் வெளியே கிடந்த சோற்றில் உருவாகும் நச்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது.

தாளிப்பிலும் இதே சிக்கல். ஒரு தேக்கரண்டி எண்ணெய் வாணலியில் பரவிவிடும். கடுகு பாதி வறண்ட இடத்தில் கிடந்து, வெடிக்கும் முன்பே கருகிக் கசக்கும். சின்னத் தாளிப்புக் கரண்டியைச் சற்றே சாய்த்துப் பிடியுங்கள். எண்ணெய் ஒரு மூலையில் குளமாகத் தேங்கும். கால் தேக்கரண்டி கடுகு அதில் முழுக்க மூழ்கிப் படபடவென்று வெடிக்கும். உடனே கறிவேப்பிலை, பெருங்காயம் போட்டு ரசத்தில் கொட்டிவிடலாம். தேக்கா சந்தையில் வாங்கிய கறிவேப்பிலையைக் கழுவாமல் தாளில் சுற்றி டப்பாவில் வையுங்கள். ஈரத்தோடு வைத்தால் இரண்டே நாளில் கறுத்துவிடும்.

மாவுக்கு இரண்டு கப் இட்லி அரிசி, அரை கப் உளுந்து, அரை தேக்கரண்டி வெந்தயம் போதும். இந்த அளவுக்கு மிக்ஸியே சரி. குளிர்ந்த நீர் ஊற்றி அரைத்தால் மாவு சூடேறாது. அரைத்ததும் இரண்டு டப்பாவாகப் பிரித்து, ஒன்றை மட்டும் வெளியே புளிக்க விடுங்கள். மற்றதை உடனே குளிர்பெட்டியில் வைத்து, தேவைப்படும் நாளுக்கு முதல் நாள் இரவு வெளியே எடுங்கள். ஐந்தாம் நாள் தோசையும் அளவுக்கு மீறிப் புளிக்காது.

பாதுகாப்புக்குச் சில காரியங்கள். வீட்டில் வேறு யாரும் இல்லாதபோது குளியலறைக் கதவைத் தாழிட வேண்டாம். வழுக்கி விழுந்தால் உதவிக்கு வருபவர் உள்ளே வர முடியாது. கைப்பேசி கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும், அவசர மருத்துவ வண்டிக்கு 995. மின்னணுப் பூட்டில் மின்கலம் தீர்ந்தால் பல வகைகளில் வெளிப்பக்க முனைகளில் 9 வோல்ட் மின்கலத்தை வைத்துத் திறக்கலாம். அந்த மின்கலத்தை வீட்டுக்குள் வைத்தால் பயனில்லை, அலுவலகப் பையில் வையுங்கள்.

உயில் எழுதியிருந்தாலும் மசேநிதி (மத்திய சேம நிதி) பணம் அதில் சேராது. அது யாருக்குப் போக வேண்டும் என்று தனியே நியமனம் செய்ய வேண்டும். இணையத்திலேயே செய்யலாம், இரண்டு சாட்சிகள் தேவை.